கொடையும் கடனும்: புறநானூற்றின் இரு குடும்ப வழக்குகளும் இன்றைய குடும்பச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்தமை பற்றிப் புறநானூற்றில் ஐந்து பாடல்கள் (143–147) உள்ளன. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மீது போருக்கு எழுந்தமை பற்றி ஒரு பாடல் (213) உள்ளது. இவை புலவர்களின் அறத்துணிவுக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்பெறுகின்றன. இக்கட்டுரை அப்பாடல்களைக் கணவன்–மனைவி, பெற்றோர்–மக்கள் ஆகிய இரு உறவுகளில் எழுந்த வழக்குகளாகக் கொண்டு வாசிக்கிறது. யார் யாரிடம் எதை எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பதே அதன் வினா. மகனுக்குரியது உரிமையாகவும் மனைவிக்குரியது கொடையாகவும் பேசப்படும் வேறுபாட்டை அது சுட்டுகிறது. இன்றைய இந்தியக் குடும்பச் சட்டம் அவ்வேறுபாட்டை எவ்வளவு தூரம் கடந்துள்ளது என்பதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, பேகன், கண்ணகி, கோப்பெருஞ்சோழன், குறுங்கலி, துணைவஞ்சி, ஜீவனாம்சம், சேர்ந்து வாழும் உரிமை, மூத்த குடிமக்கள் சட்டம்.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த காலம் முதல், வேந்தனை இடித்துரைக்கும் புலவர் என்னும் படிமம் தமிழ் ஆய்வில் நிலைபெற்றுவிட்டது. பேகனைக் குறித்த ஐந்து பாடல்களும் கோப்பெருஞ்சோழனைக் குறித்த பாடலும் அப்படிமத்துக்கு வலுச் சேர்ப்பவை. அண்மைக் காலத்தில் இவை குடும்பநல ஆலோசனைக்கும் சமரச மையங்களுக்கும் முன்னோடிகள் எனக் கருத்தரங்கக் கட்டுரைகளில் சுட்டப்பெறுவதும் உண்டு. இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் பெருமிதத்தோடு நின்றுவிடும் வாசிப்பு இரண்டு இழப்புகளைத் தருகிறது. பாடல்கள் தம்முள் வைத்திருக்கும் வேறுபாடுகள் மறைந்துபோகின்றன; இன்றைய சட்டம் எந்த இடத்தில் அப்பாடல்களைத் தாண்டியது, எந்த இடத்தில் இன்னும் அவற்றோடே நிற்கிறது என்பதும் தெரியாமல் போகிறது.

பழம்பாடலை இக்காலச் சட்டத்தின் முன்வரைவாகக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரண்டும் ஒரே மனிதச் சிக்கலை எதிர்கொள்கின்றன. கைவிடப்பட்டவர் சார்பில் வலியவரிடம் பேசுவது எப்படி என்பதே அச்சிக்கல். அதற்கு இரண்டும் தரும் விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் குறையும் மற்றொன்றின் ஒளியில் துலங்குகிறது.

ஐந்து பாடல்கள், ஒரு வழக்கு

கபிலர் (143), பரணர் (144, 145), அரிசில்கிழார் (146), பெருங்குன்றூர்கிழார் (147) ஆகிய நால்வர் ஒரே பொருள்பற்றி ஒரே தலைவனை நோக்கிப் பாடியுள்ளனர். ஐந்தும் பெருந்திணையில் குறுங்கலித் துறைக்கு உரியனவாகப் பகுக்கப்பெற்றுள்ளன. மனைவியின்பால் விருப்பம் திரும்புமாறு, பிறள்பால் சென்ற வேட்கை நீங்கும்படி கூறுவது அத்துறை. துறைப்பெயரே வழக்கின் தன்மையை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. சிக்கல் தலைவனின் வேட்கையில் இருக்கிறது. தீர்வும் அவ்வேட்கை திசைமாறுவதில் இருக்கிறது. மனைவி அங்கே தீர்வைப் பெறுபவள் மட்டுமே.

கண்ணகி என்னும் பெயர் பாடல்களுள் இல்லை. கொளுக்குறிப்புகளே அப்பெயரைத் தருகின்றன. கபிலரின் பாடலில் அவள் பெயர் தெரியாதவளாகவே வருகிறாள். மழை வேண்டியும் பெய்த மழை நீங்க வேண்டியும் கடவுளைப் பேணும் குறவர் வாழும் மலைநாட்டில், பசித்த சுற்றத்தோடு சென்று சீறூர் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடியபோது, கண்ணீர் நிறுத்தமாட்டாது ஒருத்தி குழல் ஒலிப்பதுபோல் அழுதாள் என்கிறார் அவர். பெரிதும் இரங்கத்தக்க அவள் யாரோ என வினவி முடிக்கிறார். அவள் யாரென்று கபிலர் அறியாதவர் அல்லர். அவ்வினா பேகன் வாயால் 'என் மனைவி' என்னும் விடையை வரவழைக்கும் உத்தி. குற்றம் சாட்டாமலே பொறுப்பை ஏற்கவைக்கும் அந்நுட்பம் பாடலின் வலிமை. ஆயினும் அவ்வுத்தி நிறைவேற அவள் பெயரற்றவளாக நிற்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

கண்ணகியின் வாக்குமூலம்

ஐந்து பாடல்களுள் அவள் பேசுவது ஒன்றில் மட்டுமே. பரணரின் முதற்பாடலில் (144), மார்பு நனைய அழும் அவளிடம், எம் நட்பை விரும்பும் பேகனுக்கு நீ உறவினளோ எனப் புலவர் கேட்கிறார். காந்தள் போன்ற விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் தரும் விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, யாம் அவனுக்கு உறவினர் அல்லேம் என்னும் மறுப்பு. இரண்டாவது, எம்மைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி முல்லை வேலி சூழ்ந்த நல்லூர்க்கு ஒலிக்கும் தேரோடு அவன் நாளும் வருகிறான் எனச் சொல்கிறார்கள் என்னும் செய்தி.

இம்மறுப்பை ஊடலின் வெளிப்பாடாக, அன்பின் மறுபக்கமாகக் கொள்வது எளிது. ஆனால் சொற்களை அவற்றின் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் ஒன்று புலப்படும். வழக்கின் மையத்தில் உள்ளவள் கேட்கப்பட்ட ஒரே தருணத்தில் கூறியது, உறவு முறிந்துவிட்டது என்பதே. அவனை வரச்சொல் என்று அவள் கேட்கவில்லை. மற்றவளைப் பழிக்கவும் இல்லை; தன்னைப் போன்ற ஒருத்தி என்றே சுட்டுகிறாள். தான் கண்டதாகவும் கூறாமல், பிறர் சொல்வதாகக் கேள்விச் செய்தியை அதன் அளவோடு நிறுத்துகிறாள். ஒரு நல்ல சாட்சியிடம் எதிர்பார்க்கத்தக்க அளவுணர்வு அது.

இவ்வாக்குமூலத்துக்குப் பின் அடுத்து வரும் மூன்று பாடல்களும் பேகன் இன்றே தேரேறிச் செல்ல வேண்டும் என்று கேட்கின்றன. அவள் கூறியதற்கும் அவள் பொருட்டுக் கேட்கப்பட்டதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. நீ என்ன வேண்டுகிறாய் என்னும் வினா ஐந்து பாடல்களிலும் இல்லை. நல்லெண்ணம் கொண்ட நடுவர் எவருக்கும் நேரக்கூடிய பிழை இது: துயரத்தைக் கண்டவுடன் தீர்வைத் தாமே எழுதிவிடுதல்.

மயிலும் மனைவியும்

பேகனின் புகழ் மயிலுக்குப் போர்வை அளித்ததில் இருக்கிறது. பரணரே 142-ஆம் பாடலில், குளத்திலும் வயலிலும் களர்நிலத்திலும் வேறுபாடின்றிப் பெய்யும் மழையோடு அவன் கொடையை ஒப்பிட்டு, கொடையில் அவன் அறியாமை உடையவனாயினும் படையில் அத்தகையன் அல்லன் என்கிறார். அதே பரணர் 145-இல், மயில் குளிரால் நடுங்கும் என இரங்கிய அருளை நினைவூட்டியே தம் வேண்டுகோளைத் தொடங்குகிறார். பசியால் வரவில்லை, காக்க வேண்டிய சுற்றச்சுமையும் இல்லை, நீ அறம் செய்து இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே யாம் இரக்கும் பரிசில் என்பது அவர் கூற்று. அரிசில்கிழார் அருங்கலமும் செல்வமும் வேண்டா என விலக்கி, அவள் கூந்தல் நறும்புகை ஏற்று மலர் சூடும்படி குதிரைகள் தேரிற் பூட்டப்பெற வேண்டும் என்கிறார். பல மலை கடந்து வந்த பெருங்குன்றூர்கிழார், மழையின் ஒலியைத் தனித்திருந்து கேட்டவளின் எண்ணெயற்ற கூந்தல் மணிபோல் கழுவப்பெற்றுப் புதுமலர் அணிய, இன்றே புறப்படுவதுதான் தமக்குரிய பரிசில் என்கிறார்.

அரிசில்கிழாரின் உவமை தனித்துக் கருதத்தக்கது. அவள் கூந்தலை அவர் மயிலின் தோகையைத் தொகுத்து வைத்தாற்போன்றது என்கிறார். பேகன் இரங்கிய பறவையும் இரங்காத மனைவியும் அவ்வுவமையில் ஒன்றாகின்றனர். குளிர்ந்த மயிலுக்குப் போர்வை தந்தவன் மயிலன்ன கூந்தலாளைக் குளிரில் விட்டான் என்னும் முரண் வெளிப்படச் சொல்லப்படாமலே நிற்கிறது. பாடல்களின் மிக உயர்ந்த கவிதைத் திறன் இங்கே உள்ளது.

அதே இடத்தில்தான் அவற்றின் எல்லையும் உள்ளது. மயிலுக்குத் தந்தது கொடை. அதைத் தராமல் விட்டிருந்தாலும் பேகன் குற்றவாளி ஆகான். மனைவிக்குச் செய்ய வேண்டியது கடன். அதைச் செய்யாமை குற்றம். நால்வரும் இக்கடனைக் கொடையின் மொழியிலேயே கேட்கின்றனர். அருள், நல்குதல், பரிசில் என்னும் சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. மனைவியின் உரிமை புலவருக்குத் தரப்படும் பரிசாக உருமாறுகிறது. புலவர்கள் தம் வறுமையையும் மறந்து பரிசிலைத் துறந்தது பெருந்தன்மை. ஆயினும் அப்பெருந்தன்மையால் அவளுக்குக் கிடைப்பது வேறொருவர் பெற்றுத்தந்த பரிசில் மட்டுமே. நாளை அது மறுக்கப்படின் அவள் சுட்டிக்காட்ட ஒரு சொல்லும் அவளிடம் இல்லை. பேகன் திரும்பினானா என்பதைப் பாடல்கள் கூறவில்லை. கொடையின் மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை கொடுப்பவன் கையில் இருப்பதால், அந்த மௌனம் இயல்பானதே.

சேர்ந்து வாழும் உரிமை: சட்டத்தின் பதில்

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 9-ஆம் பிரிவு, தக்க காரணமின்றித் துணையை விட்டு விலகியவரை மீண்டும் சேர்ந்து வாழுமாறு ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மேலோட்டமாகக் காணின் இது குறுங்கலியின் சட்ட வடிவம். ஆனால் வரலாறு வேறுவிதமாக நடந்தது. புலவர்கள் வலியவனைத் திரும்பச் சொன்னார்கள். நீதிமன்றங்களில் இவ்வுரிமை எளியவளைத் திரும்பச் சொல்லவும் பயன்பட்டது. பதினொரு வயதில் மணம் செய்விக்கப்பெற்ற ருக்மாபாயின்மீது கணவர் தாதாஜி பிகாஜி 1884-இல் பம்பாயில் தொடுத்த வழக்கு அதற்குப் பெயர்பெற்ற சான்று. 1885-இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. 1887-இல் கணவரிடம் செல்லுதல் அல்லது ஆறு மாதச் சிறை என ஆணையாயிற்று. ருக்மாபாய் சிறையையே ஏற்பதாக உரைத்தார். 1888-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. பின்னர் அவர் மருத்துவரானார்.

இப்பிரிவின் அரசியலமைப்புத் தகுதி 1983-இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. சரிதா வழக்கில் நீதிபதி பி.ஏ. சௌத்ரி, விரும்பாத ஒருவரை உடனுறையச் செய்வது தனிவாழ்வுக்கும் மனித மாண்புக்கும் எதிரானது எனக் கூறிப் பிரிவைச் செல்லாதென்றார். 1984-இல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. திருமணத்தைக் காக்கும் சமூக நோக்கம் இப்பிரிவுக்கு உண்டெனக் கொண்டு அதை நிலைநிறுத்தியது. ஆணைக்கு இணங்காதவரைப் பிடித்துவந்து சேர்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. அவரது சொத்தை முடக்கலாம். ஆணை பிறந்து ஓராண்டு சேர்ந்து வாழாவிடின் அதுவே மணமுறிவுக்குக் காரணமாகும். இதனால் சேர்க்கப் பிறந்த ஆணை பிரிப்பதற்கான படியாக நடைமுறையில் பயன்படுகிறது.

பரணரின் பாடலில் கேட்கப்படாமல் விடப்பட்ட வினா இங்கே முழு வடிவம் பெறுகிறது. அவன் உறவினர் அல்லேம் என்றவளுக்குத் திரும்பிவரும் தேர் தீர்வாகுமா? உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரீனா குமாரி வழக்கில் இவ்வினாவின் ஒரு பகுதிக்கு விடை தந்தது. சேர்ந்து வாழுமாறு கணவர் ஆணை பெற்றிருந்தாலும், திரும்பாமைக்குத் தக்க காரணம் மனைவிக்கு இருப்பின் அவரது ஜீவனாம்ச உரிமை அழியாது என்பது அத்தீர்ப்பு. உடனுறைதலையும் வாழ்வாதாரத்தையும் ஒன்றோடொன்று கட்டாமல் பிரித்தது அதன் பயன்.

ஜீவனாம்சம்: கேட்கப்படாத பொருள்

பேகன் பாடல்களில் கண்ணகியின் துயரம் உடலின் மீது எழுதப்பட்டிருக்கிறது: எண்ணெய் காணாத கூந்தல், மெலிவு, கண்ணீர். அவள் உண்டாளா, அவளுக்கென இல்லமும் பொருளும் இருந்தனவா என்பது பேசப்படவில்லை. புலவர்களின் பசி பேசப்படுகிறது. அவளது பசி பேசப்படவில்லை. அரசன் மனைவிக்கு அக்கவலை இராதெனக் கொள்ளலாம். ஆனால் துறக்கப்பட்ட பெண்ணின் துயரைக் காதலின் துயராக மட்டும் காணும் மரபு இப்பாடல்களோடு நின்றுவிடவில்லை. அம்மரபின் நிழலில், பொருள் கேட்கும் பெண் காதலற்றவள் என்னும் எண்ணம் இன்றும் குடும்பநல நீதிமன்ற வளாகங்களில் உலவுகிறது.

சட்டம் இவ்விடத்தில் இலக்கியத்தைத் தெளிவாகக் கடந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும், மனைவி, குழந்தைகள், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத தாய், தந்தை ஆகிய அனைவரையும் ஒரே பிரிவில் வைக்கின்றன. மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாத பெண்ணும் இதில் மனைவியே. முறையான மணத்தில் பிறந்த குழந்தை, பிறவாத குழந்தை என்னும் வேறுபாடும் இல்லை. போதிய பொருள் இருந்தும் பேண மறுத்தல் என்பதே இங்கு அளவுகோல். அன்பு குறைந்தது ஏன் என்னும் ஆராய்ச்சி தேவையில்லை. பேகனிடம் நால்வர் ஐந்து பாடல்களால் இரந்ததை, இன்று எழுத்தறிவு குறைந்த பெண்ணும் ஒரு மனுவால் கடனாகக் கேட்கலாம்.

ஆயினும் கடனாக்கப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிடுவதில்லை. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் சொத்து, வருமான விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் எனவும், மனு அளித்த நாள் முதலே தொகை கணக்கிடப்பட வேண்டும் எனவும் வழிகாட்டியது. வருமானத்தை மறைப்பதும் காலம் கடத்துவதும் அவ்வளவு பரவலாக இருந்தமையே அவ்வழிகாட்டுதலின் காரணம். கொடைமொழி நீதிமன்றத்துக்கு வெளியே அகற்றப்பட்ட பின்னும், தருவதும் தராததும் தன் விருப்பம் என்னும் பேகனின் மனநிலை உள்ளே தங்கிவிட்டது.

தந்தையும் மக்களும்: புறம் 213

கோப்பெருஞ்சோழன் தன்மீது எழுந்த மக்கள் இருவர்மேல் போருக்குப் புறப்பட்டபோது புல்லாற்றூர் எயிற்றியனார் பாடியது 213-ஆம் பாடல். வஞ்சித் திணை, துணைவஞ்சித் துறை. இதன் வாதமுறை பேகன் பாடல்களிலிருந்து முற்றிலும் வேறானது. எதிர்த்து வந்தவர் உன் பழம்பகைவர் அல்லர் எனத் தொடங்குகிறார் புலவர். நீ புகழெய்தி மேலுலகம் சென்றபின் உன் அரசுரிமை அவர்க்கே உரியது என்கிறார். அறிவும் சூழ்ச்சித் துணையும் அற்ற அவர்கள் தோற்பின் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய் எனக் கேட்கிறார். நீ தோற்பின் உன்னை இகழ்வோர் மகிழ்வர் என எச்சரிக்கிறார். மறம் ஒழிக, அஞ்சுவோர்க்கு உன் அடிநிழல் அரணாகுக, நன்மை செய்வாயாக என முடிக்கிறார்.

இப்பாடலில் தாயம் என்ற சொல் வருகிறது. அது அவர்க்கு உரித்து என்றே கூறப்படுகிறது. மக்களின் பக்கம் நின்று பேசும் புலவர் அருளை வேண்டவில்லை, உரிமையைச் சுட்டுகிறார். மனைவியின் பொருட்டுப் பேசிய நால்வரும் உரிமை என்னும் சொல்லை நாடவே இல்லை. ஒரே தொகைநூலில், ஒரே வகைப் புலவர் மரபில், இரு குடும்ப வழக்குகளுக்கு இரு மொழிகள். தாயம் உடையவனுக்கு வாதம். தாயம் இல்லாதவளுக்கு இரக்கம். சங்கப் பாடல்களைக் குடும்பச் சமரசத்தின் பொற்கால ஆவணமாகக் காட்டும் கட்டுரைகள் இவ்வேறுபாட்டைக் கடந்துபோவது அவற்றின் பெருங்குறை.

அத்தாயத்தில் மகளுக்கு இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. தமிழ்நாடு 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அப்போது மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் அதில் சேர்த்தது. அத்திருத்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதில்லை என 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எயிற்றியனாரின் பாடலுக்குப்பின் வருவது அரசன் வடக்கிருந்தபோது தானே பாடிய 214-ஆம் பாடல். போர் தவிர்ந்தது, உறவு மீளவில்லை. சமரசம் வேறு, இணக்கம் வேறு என்பதை இவ்வரிசைமுறை உணர்த்துகிறது. உடன் வடக்கிருக்க வந்த பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக என அரசன் திருப்பி அனுப்பியதை 222-ஆம் பாடல் காட்டுகிறது. தன் மக்களோடு போருக்கு எழுந்த தந்தை, பிறவாத ஒரு குழந்தைக்குத் தந்தை வேண்டும் என்பதை மறக்கவில்லை. இரு வழக்குகளிலும் குழந்தையின் நலன் கருதப்பட்ட ஒரே இடம் அதுவே; அதுவும் நடுவரால் அன்று, தோற்றுப்போன தந்தையால்.

முதியோரின் கடன்வழக்கு

புறம் 213-இல் பொருள் தந்தையின் கையில் இருக்கிறது; மக்கள் அதை நாடி எழுகின்றனர். இன்று வட்டாட்சியர் அலுவலகங்களிலும் கோட்டாட்சியர் முன்னும் வரும் வழக்குகளில் பொருள் முன்னரே கைமாறிவிட்டது. வீட்டை மகன் பெயரிலோ மகள் பெயரிலோ தானமாக எழுதிக்கொடுத்தபின் சோறின்றி நிற்கும் பெற்றோர்தாம் மனுதாரர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இவர்களுக்காக வந்தது. மகன், மகளோடு வயதுவந்த பேரன், பேத்தியையும் அது பொறுப்பாளிகளாக்குகிறது. தீர்ப்பாயம் 90 நாள்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும். சமரச அலுவலரிடம் முதலில் அனுப்பலாம். மாதத்துக்கு 10,000 ரூபாய் என்னும் உச்ச வரம்பு 2007-இல் எழுதப்பட்டபடியே நிற்கிறது. மருத்துவச் செலவின் இன்றைய அளவை நோக்க அது மிகக் குறைவு.

சட்டத்தின் 23-ஆம் பிரிவே இக்கட்டுரையின் மையப்பொருளான கொடை–கடன் உறவை நேராகத் தொடுகிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையோடு தந்த சொத்து, அக்கவனிப்பு மறுக்கப்படின், ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெறப்பட்டதாகக் கொள்ளப்பட்டு அதை ரத்துச் செய்யலாம். 2022-இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் அந்நிபந்தனை நிறுவப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் இறுக்கமாகக் கூறியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இச்சட்டம் முதியோர் நலனுக்கானது என்பதால் அதன் நோக்கம் நிறைவேறும் வகையில் பொருள்கொள்ள வேண்டும் எனக் கூறித் தாயின் தானப் பத்திரத்தை ரத்துச் செய்ததை உறுதிசெய்தது. அன்பினால் தருகிறேன் என்று மட்டும் பத்திரத்தில் எழுதும் பெற்றோர், கவனிப்பை நிபந்தனையாக எழுதக் கூசுகிறார்கள். பெற்ற பிள்ளையிடம் கணக்குப் பேசுவதா என்னும் அக்கூச்சம் பண்பாட்டின் அழகு; அதுவே வழக்கில் அவர்களின் பலவீனம். பேகனுக்கு முன் கண்ணகி நின்ற இடத்தில் இன்று தாய் நிற்கிறாள்.

இரு கடன்கள் மோதுமிடம்

புறநானூறு இரு வழக்குகளையும் தனித்தனியே வைத்தது. வாழ்க்கை அப்படி வைப்பதில்லை. முதிய பெற்றோரின் வீட்டில் மருமகள் வாழ்கிறாள், கணவன் விலகிவிடுகிறான், பெற்றோர் வீட்டைக் காலிசெய்து தருமாறு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அதே வீட்டில் அவளுக்குத் தங்கும் உரிமையைத் தருகிறது. 2020 டிசம்பரில் எஸ். வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இம்மோதலை எதிர்கொண்டது. மனைவியைத் தெருவில் நிறுத்துவதற்கு முதியோர் சட்டத்தைக் கருவியாக்க இயலாது எனவும், இரு சட்டங்களும் ஒன்றையொன்று அழிக்காதபடி இசைவித்துப் படிக்கப்பட வேண்டும் எனவும் அது கூறியது. முதியோரின் துயரம் உண்மையாக இருக்கும் வழக்குகளும் உண்டு. மகன் பெற்றோரை முன்னிறுத்தி மனைவியை வெளியேற்றும் வழக்குகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நீதிமன்றத்துக்கு வேண்டுவது ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கும் பொறுமை.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 9-ஆம் பிரிவு, இயலும் வழக்குகளில் முதலில் உடன்பாட்டுக்கு முயலுமாறு நீதிபதியைப் பணிக்கிறது. எயிற்றியனாரின் மரபு இங்கே தொடர்கிறது எனலாம். ஆனால் அவரது வாதத்தின் வெற்றிக்கு ஒரு காரணம், இரு தரப்பும் படை உடையவை என்பது. வலிமை ஒப்ப இருக்கும்போது சமரசம் நீதியாகிறது. ஒருவர் கையில் வீடும் வருமானமும் குழந்தையும் இருக்க, மற்றவர் கையில் கண்ணீர் மட்டும் இருக்கும்போது, உடன்பாடு என்பது இழப்பை ஒப்புக்கொள்ளும் கையெழுத்தாக முடியக்கூடும்.

முடிவுரை

பேகன் பாடல்கள் ஐந்தும், கோப்பெருஞ்சோழன் பாடலும் தமிழ்ப் புலவர் மரபின் அறத்துணிவுக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. அவற்றை நெருங்கி வாசிக்கும்போது மேலும் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, துறக்கப்பட்டவளின் வாக்குமூலம் பதிவுசெய்யப்பட்டும் அவளது விருப்பம் கேட்கப்படவில்லை. இரண்டாவது, மக்களுக்குரியது தாயமாகவும் மனைவிக்குரியது பரிசிலாகவும் இரு மொழிகளில் பேசப்பட்டது. மூன்றாவது, நடுவரின் வெற்றி உறவின் மீட்சியை உறுதிசெய்யவில்லை.

ஜீவனாம்சம், தங்கும் உரிமை, முதியோர் பராமரிப்பு, மகளின் வாரிசுரிமை ஆகியவற்றில் இந்தியச் சட்டம் கொடையைக் கடனாக்கியுள்ளது. அது பேரளவிலான கடத்தல். சேர்ந்து வாழும் உரிமைப் பிரிவில் அது இன்னும் குறுங்கலியின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. தமிழ் ஆய்வு இப்பாடல்களைச் சட்டத்தோடு இணைத்துப் பேசும்போது, முன்னோடி என்னும் பெருமிதத்தை விட, 144-ஆம் பாடலின் விடையை மீண்டும் கேட்பது பயன் தரும். உறவினர் அல்லேம் என்று கூறிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டவளிடம் புலவர்கள் அடுத்து எழுப்பியிருக்க வேண்டிய வினா இன்னும் நிலுவையில் உள்ளது. குடும்பநல நீதிமன்றத்தின் ஆலோசகர் அறையில் நாள்தோறும் முதலில் கேட்கப்பட வேண்டிய வினாவும் அதுவே.